நகக்காரியின் கட்டைவிரல்

மடக்குக் கத்தியைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் கைப்பிடியைப் பார்ப்பார்கள். அப்புறம் அலகின் பளபளப்பைப் பார்ப்பார்கள். அலகின் முதுகோரத்தில் பிறை மாதிரி ஒரு சின்னக் குழி இருக்கிறதே, அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்காமலே கட்டைவிரல் நகத்தை அதில் மாட்டி இழுப்பார்கள், கத்தி திறந்துகொள்ளும். அந்தக் குழியை வெட்டுவதற்கென்று ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார் என்று எவருக்கும் தோன்றாது.

அந்த வீட்டில் அப்படி உட்கார்ந்திருந்தவள் மூத்த மருமகள். வயது நாற்பத்தாறு. கல்யாணமாகி வந்த மூன்றாம் வருஷமே புருஷனுக்குக் கை நடுக்கம் கண்டுவிட்டது. குழி வெட்டுகிற வேலைக்கு நடுக்கம் ஆகாது. அவன் சொல்லச் சொல்ல இவள் மெஷின் பிடியைப் பிடித்தாள். ஆறே மாதத்தில் அவன் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று. வலது கட்டைவிரலில் அவளுக்கு இயல்பிலேயே தடித்த நகம், ஓடு மாதிரி இருக்கும். "என் நகக்காரி" என்று அவன் செல்லமாகக் கூப்பிடப் போக, அதுவே வீட்டில் பேராகிவிட்டது. அவன் நெஞ்சில் நீர் கோத்துச் செத்துப்போய் மூன்று வருஷம் ஆகிறது. செல்லம் அவனோடு போயிற்று, பேர் மட்டும் நின்றுவிட்டது.

வீட்டின் பக்கவாட்டில் தகரக் கூரை போட்ட நீள அறைதான் பட்டறை. ஜன்னல் ஓரம் அவளுடைய மேஜை. அதன் மேல் தையல் மெஷின் அளவில் ஒரு வெட்டும் மெஷின், பழைய துளைபோடும் மெஷினைப் பிரித்துப் புருஷன் தானே கோத்தது. சுற்றுகிற தண்டில் ஒற்றைப் பல். கீழே சற்றுச் சரிவாகச் சீவிய இரும்புக் கட்டை. அலகை அந்தக் கட்டையில் படுக்க வைத்து இறுக்கி, பிடியை மெதுவாகக் கீழே கொண்டுவந்தால், பல் வந்து இரும்பைத் தொட்டுப் பிறையாகக் கிள்ளி எடுக்கும். அலகின் முதுகுப் பக்கம் குழி சுவர் மாதிரி நிற்க வேண்டும், வாய்ப் பக்கம் சரிந்து மறைய வேண்டும். ஆழம் அரை மில்லிமீட்டர். குறைந்தால் நகம் வழுக்கும். கூடினால் அலகு பலம் இழக்கும். இத்தனையும் அலகு இளக்கமாக இருக்கும்போதே முடிய வேண்டும். காய்ச்சி எண்ணெயில் முக்கிவிட்டால் அப்புறம் பல்தான் உடையும், அலகில் ஒரு கீறல் விழாது.

அறையின் மறு கோடியில் கொழுந்தனின் மேஜை. அலகு சீவுவது, காய்ச்சுவது, கைப்பிடிக்குள் இருக்கிற முதுகு வில்லைச் செய்வது எல்லாம் அவன் வேலை. அந்த வில்தான் அலகை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூடும்போதும் திறக்கும்போதும் 'டக்' என்று சத்தம் போடுவது. இரண்டு மேஜைக்கும் நடுவில் ஒரு நாற்காலி. அதில் மாமனார் உட்கார்ந்து கைப்பிடிகளைத் துணியால் தேய்த்துக்கொண்டிருப்பார். ஐம்பது வருஷம் கத்தி செய்தவர். இப்போது பார்வை மங்கிவிட்டது, காது மட்டும் பாம்புக் காது. காலையில் மெஷின் ஓடுவதற்கு முன் அவர் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசுவார். அவர் கண் திறந்த பிறகுதான் பட்டறையில் சத்தம் எழும்பலாம்.

அவர் வைத்த சட்டம் இன்னொன்றும் உண்டு. எல்லாப் பாகமும் தயாரானதும் தற்காலிக ஊசி போட்டுக் கத்தியை ஒரு தரம் சேர்ப்பார்கள். குழி வெட்டின ஆள் தன் நகத்தாலேயே அதைத் திறந்து பார்க்க வேண்டும். சரி என்றால் மறுபடி பிரித்து, மெருகேற்றி, நிரந்தரமாக ஆணி அடிப்பார்கள். சரியில்லை என்றால் அலகு பழைய இரும்பு டப்பாவுக்குப் போகும். காய்ச்சின அலகில் குழியைத் திருத்த முடியாதே. இருபது வருஷத்தில் அவளால் டப்பாவுக்குப் போன அலகுகளை இரண்டு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

பட்டறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை, ஒரு கட்டில், ஒரு அலமாரி. அது அவளுடையது. பிள்ளை குட்டி இல்லை. கூடப் பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். புருஷன் செத்த பதினாறாம் நாள், அந்த அண்ணன் மனைவி இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வீட்ல கால் நீட்டக்கூட இடமில்ல தெரியுமா?" என்று இவள் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனாள். ஆக அந்த மேஜை இருக்கிற வரைதான் அந்த அறை. அறை போனால் தெரு. இதை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நாள் மத்தியானம் கை கழுவ உள்ளே போனபோது ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, அளவு நாடாவோடு அவள் அறையில் நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா அளக்கற?"

"சும்மாக்கா. ஒரு கட்டில் போடுற அளவு இருக்கான்னு பாத்தேன்."

"அதான் கட்டில் இருக்கே."

"அது உங்க கட்டில்க்கா" என்று சிரித்தாள் ஓரகத்தி. நாடா சர்ரென்று சுருண்டு உள்ளே போனது.

ஓரகத்திக்கு ஒரு தம்பி இருந்தான். பெரிய தொழிற்சாலை ஒன்றில் வெட்டும் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, வீடு அகப்படவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவன் பேச்சு அடிக்கடி வரும். "அவன் ஒரு நாளைக்கு நூறு குழி போடுவான், கண்ண மூடிக்கிட்டு" என்பாள் அக்காக்காரி. "கண்ண மூடிக்கிட்டுப் போட்டா குழி எங்க விழும்?" என்று நகக்காரி கேட்டதற்கு மாமனார் மட்டும் சிரித்தார். மற்ற இருவரும் சோற்றைப் பிசைந்தார்கள்.

அதற்கடுத்த வாரம் அந்தத் தொல்லை தொடங்கியது.

புதிதாகச் சேர்த்த கத்தியைக் கொழுந்தன் கொண்டுவந்து வைத்தான். அவள் நகத்தை மாட்டி இழுத்தாள். அலகு அசையவில்லை. இன்னும் அழுத்தி இழுத்தாள். நகம் வழுக்கிச் சுவரை விட்டு வெளியே வந்தது.

"என்னாச்சு அண்ணி?"

"வழுக்குது தம்பி."

"வழுக்குதா? குழி சரியாதானே போட்டீங்க?"

"எப்பவும் போலத்தான் போட்டேன்."

"எப்பவும் போலன்னா எப்பவும் போலத் தொறக்கணுமே" என்றான் அவன். குரலில் கோபமே கிடையாது. கொழுந்தன் ஒரு நாளும் அவளை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. ஊசியைத் தட்டி எடுத்து, அலகை உருவி, அவள் கண்ணெதிரே டப்பாவில் போட்டான். டங் என்றது. "பரவால்ல அண்ணி. அடுத்தது பாருங்க."

அடுத்ததும் வழுக்கியது. மூன்றாவதில் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அலகு திறந்தது, நகம் நுனியிலிருந்து பாதி வரை பிளந்தது. ரத்தம் குழியில் இறங்கி அந்தப் பிறையை நிரப்பியது.

"அடடா" என்று கொழுந்தன் கத்தியை வாங்கித் துடைத்தான். விரலை அல்ல, கத்தியைத்தான். "ரத்தம் பட்டா துருப்பிடிச்சிரும் அண்ணி. இங்க குடுங்க."

மாமனார் தலையைத் தூக்கவில்லை. துணியால் கைப்பிடியைத் தேய்த்துக்கொண்டே, "கடவுளே, கடவுளே" என்று முணுமுணுத்தார்.

அன்றிலிருந்து மூன்று மாதம், வாரத்தில் இரண்டு நாள் இதே கூத்து. பிளந்த நகத்தைப் பசை போட்டு ஒட்டினாள். துணி சுற்றினால் குழிக்குள் போகாது. ஆகவே வெறும் நகம்தான். ஒட்டியது மறுபடி பிளக்கும். கட்டைவிரல் உப்பி, நகத்தடியில் கருநீலம் கட்டியது. ஓரகத்தி காலையில் பட்டறை வாசலில் நின்று, "அக்கா, இன்னைக்கு எத்தனை நகம்?" என்று கேட்பாள், எத்தனை தோசை என்று கேட்கிற தொனியில். சமையலறையில் இவளுக்கென்று ஒரு கிலோ பூண்டை எடுத்து வைப்பாள். "உரிச்சுக் குடுங்கக்கா, நீங்கதான் நகக்காரி ஆச்சே." பூண்டுச் சாறு பிளவுக்குள் போனால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும். இவள் கண்ணீரைத் தோளில் துடைத்துக்கொண்டு உரிப்பாள். பூண்டு கண்ணைக் கரிப்பதாக நினைத்துக்கொள்ளட்டும் என்றிருப்பாள்.

அவள் யாரையும் சந்தேகப்படவில்லை. அதுதான் கொடுமை. தன் கைதான் கெட்டுவிட்டது என்று நம்பினாள். புருஷனுக்கு வந்த நடுக்கம் தனக்கும் வருகிறதோ என்று விரல்களை நீட்டி வைத்துப் பார்த்தாள். நடுங்கவில்லை. பல்லைத் தீட்டினாள். கட்டையின் சரிவைச் சோதித்தாள். எல்லாம் சரியாகவே இருந்தது. படுக்கும் முன் மண்டியிட்டு, "என் கையில என்ன பாவம் இருக்குன்னு காட்டு சாமி" என்று வேண்டினாள். மேலே இருப்பவர் காட்டியிருக்கலாம். அப்போது காட்டவில்லை.

கடைசியில் தானே ஒரு முடிவுக்கு வந்தாள். நகம் வழுக்குகிறதென்றால் குழி ஆழம் போதவில்லை. அரை மில்லிமீட்டரை முக்கால் ஆக்கினால் பிடி கிடைக்கும். வேறு எந்தத் தொழில்காரருக்கும் இப்படியொரு தப்புச் செய்ய வழியில்லை. நகத்தின் வலியைக் கொண்டு இரும்பின் ஆழத்தைக் கணக்குப் போடுகிறவளுக்குத்தான் இது வரும். பதினெட்டு அலகுகளில் முக்கால் ஆழம் வெட்டினாள். குழிச் சுவர் நன்றாக, கம்பீரமாக நின்றது. அவளுக்கே திருப்தி.

கொழுந்தன் அந்த அலகுகளைக் கையில் எடுத்துப் பார்த்தான். அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? இருபது வருஷம் அலகு காய்ச்சுகிறவன். விரலை ஓட்டினாலே ஆழம் சொல்லிவிடுவான்.

"நல்லா இருக்கா தம்பி?" என்று கேட்டாள்.

"பிரமாதமா இருக்கு அண்ணி" என்றான்.

முற்றத்தில் உலை எரிந்தது. அலகு செந்நிறமானதும் குறட்டால் எடுத்து எண்ணெயில் முக்கினான். புகை எழுந்தது. எண்ணெய்க்குள்ளிருந்து 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, பல்லி நாக்கு அடிப்பது போல. ஆழம் கூடின இடத்தில் இரும்பு தாங்காமல் வெடிக்கிற சத்தம் அது. இரண்டாவதிலும் டிக். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, நிறுத்துங்க. வேண்டாம், மிச்சத்தக் காய்ச்ச வேண்டாம்."

"ஏன் அண்ணி? நீங்க போட்ட குழி. நம்பிக்கை இல்லையா?" என்று அவன் மூன்றாவதை முக்கினான். பதினெட்டையும் முக்கினான். அவளைப் பக்கத்திலேயே நிற்க வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முக்கினான். பதினொன்று வெடித்தன. அந்தப் பதினொன்றையும் கழுவித் துடைத்து, கண்காட்சி மாதிரி அவள் மேஜையில் வரிசையாக அடுக்கி வைத்தான்.

"இருக்கட்டும் அண்ணி. உங்க கண்ணு முன்னாடியே இருக்கட்டும். நம்ம கத்தி விக்கற கடைக்காரர் வேற எல்லாத்தையும் திருப்பித் திருப்பி அனுப்பறார். தொறக்கவே மாட்டேங்குதாம். 'யார்யா குழி வெட்டினது, அந்தக் கையை ஒரு தடவை பாக்கணும்'னார். நான்தான் உங்க பேரச் சொல்லல."

மாமனார் அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டார். "அம்மா, மனசுக்குக் கஷ்டமா இருந்தா கொஞ்ச நாள் எங்கயாவது போயிட்டு வாயேன். அண்ணன் வீடு இருக்குல்ல?" என்றார். தேன் தடவிய குரல். அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த வீட்டில் தன்மேல் இரக்கப்பட இந்த ஒரு ஜீவனாவது இருக்கிறதே என்று நினைத்தாள்.

போவதானால் பழியோடு போக அவளுக்கு மனம் வரவில்லை. கடைக்காரரிடம் போய், "என் கைதான் வெட்டினது, மன்னிச்சுக்குங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. மறுநாள் காலை துணி வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு நான்கு தெரு நடந்தாள்.

கடைக்காரர் மேஜைக்குப் பின்னால் பல் குத்திக்கொண்டிருந்தார். அவள் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார்.

"அட, உக்காருங்கம்மா. உங்க வீட்டுக்காரர் இருந்தப்ப எத்தனை தரம் வந்திருக்கார்."

"கத்தியெல்லாம் திரும்பி வந்துச்சாம். நான் வெட்டின குழிதான். என்னை மன்னிக்கணும்."

"என்ன திரும்பி வந்துச்சு?"

"கத்தி. தொறக்காத கத்தி."

கடைக்காரர் பல்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "ஒரு கத்தியும் திரும்பி வரலயேம்மா. யாரு சொன்னது? உங்க வீட்டுக் கத்தின்னா வெண்ணெய் மாதிரித் தொறக்கும்னு வாங்கறவங்கதான் அதிகம். இந்தா பாருங்க" என்று கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். போன மாதம் வந்தது.

அவள் வாங்கிப் பார்த்தாள். குழியின் சுவரில் மயிரிழை மாதிரி ஒரு கோடு ஓடியது. போன மாதம் பல்லின் நுனி லேசாகச் சிதறியிருந்தது. தீட்டும் வரை அது போட்ட குழிகளிலெல்லாம் அந்தக் கோடு இருந்தது. அந்த அலகுகள் அத்தனையும் டப்பாவுக்குப் போனதை அவளே கண்ணால் பார்த்தவள். டங், டங் என்று காதால் கேட்டவள். இப்போது அதில் ஒன்று கைப்பிடியும் ஆணியுமாக அவள் கையில் இருந்தது.

வலது விரல் வீங்கிக் கிடந்ததால் இடது கட்டைவிரலை மாட்டி இழுத்தாள். பூ மாதிரித் திறந்தது.

"என்னம்மா, முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? தண்ணி குடிக்கறீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு இறங்கி நடந்தாள். வழியில் யாரோ கூப்பிட்டார்கள், காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்தபோது கொழுந்தன் முற்றத்தில் உலைக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான். நேரே அவன் மேஜைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள். இருபது வருஷத்தில் ஒரு நாளும் அவள் அதைத் தொட்டதில்லை. அடியில் எண்ணெய்த் துணியில் சுற்றி நான்கு வில்கள் இருந்தன. நான்கே நான்குதான். தடிமன் அளக்கிற வெர்னியரை எடுத்து நடு வயிற்றில் வைத்துப் பார்த்தாள். வழக்கமான வில்லைவிட முக்கால் மில்லிமீட்டர் கூடுதல், அலகை அசையவிடாத இறுக்கம். ஊசி போகிற துளைகள் மாட்டி மாட்டிக் கழற்றியதில் தேய்ந்து நீள்வட்டமாகியிருந்தன. ஆக, அவள் நகம் வைத்துப் பார்க்கிற நேரத்துக்கு மட்டும் இந்தத் தடி வில். அவள் எழுந்து போனதும் டப்பாவிலிருந்து அலகைப் பொறுக்கி, சரியான வில்லைப் போட்டு, கடைக்கு அனுப்பியிருக்கிறான். ஒரு கத்தியும் வீணாகவில்லை. அவள் நகத்தைத் தவிர.

நான்கு வில்களையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மாமனார் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, இதத் தொட்டுப் பாருங்க."

கிழவர் விரலால் தடவினார். ஒரு தடவலில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆனால் திடுக்கிடவில்லை. தடவின விரலைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

அதற்குள் கொழுந்தன் வாசலுக்கு வந்துவிட்டான். பின்னாலேயே ஓரகத்தி.

"ஓ, கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றான் அவன். திருடன் மாட்டிக்கொண்ட முகம் இல்லை. சீட்டாட்டத்தில் ஒரு கை தோற்றவன் முகம்தான். "பரவால்ல, மூளை இருக்கு அண்ணிக்கு. நான் ரெண்டு மாசம் முன்னாடியே கண்டுபிடிப்பீங்கன்னு நெனச்சேன்."

"ஏன் தம்பி?"

"ஏன்னா என்ன சொல்றது? இடம் வேணும். மேஜை வேணும். நேரா சொன்னா ஊர் சிரிக்கும்."

"மாமா, கேட்டீங்களா? உங்க பையன் என் நகத்த..."

"தெரியும்மா" என்றார் மாமனார்.



"முதல் நாளே தெரியும். 'டக்' சத்தம் வேற மாதிரி விழுந்துச்சே. தடிச்ச வில்லு அடிச்சா எனக்குத் தெரியாதா?" அவர் மங்கின கண்ணை அவள் பக்கம் திருப்பினார். "ஆஸ்பத்திரில மூத்தவன் மூச்சு இழுத்துக்கிட்டுக் கெடந்தப்போ நீ மருந்து வாங்கக் கீழ போயிருந்த. என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'அப்பா, அவளப் போன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னான். கடவுள் மேல ஆணையா சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வாக்கு மீறினா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்? நீயா போனா அந்தப் பாவம் என் தலைல இல்ல. அதான்..."

"அதான்?"

"அதான் இவங்க இப்படிப் பண்ணாங்க."

"என் நகம் பிளந்தது வாக்குல சேராதா மாமா?"

"அத நான் பண்ணலயேம்மா" என்றார் கிழவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டவர் போல. "நான் கைப்பிடிதானே தேச்சுக்கிட்டிருந்தேன்."

 கொழுந்தன் செய்ததை அவளால் தாங்க முடிந்தது. அவன் அப்படிப்பட்டவன். ஆனால் தினமும் கண்ணை மூடிக் கடவுளிடம் பேசுகிற இந்த மனிதர், ரத்தம் சொட்டச் சொட்டத் துணியை மடித்து மடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"சரி, எல்லாம் பேசியாச்சு" என்றாள் ஓரகத்தி. "இனிமே எதுக்குக் கண்ணாமூச்சி? அக்கா, நீங்களே கௌரவமா..."

"நான் சொல்றேன்" என்றான் கொழுந்தன். "அண்ணி, நீங்க போ..."

"வாய மூடுடா!" நாற்காலியிலிருந்து கிழவர் எழுந்தே விட்டார். கைத்தடி கீழே விழுந்தது. "என் வீட்டுக்குள்ள நின்னு நீ சொன்னா நான் சொன்ன கணக்குதான்! ஒருத்தர் வாயிலயும் அந்த வார்த்தை வரக் கூடாது. வந்துச்சு, வீட்ட எழுதி வெச்சிட்டு நான் கண்ண மூடிருவேன், உனக்கு இல்ல, வேற எவனுக்காவது!"

கொழுந்தன் பாதி வார்த்தையோடு வாயை மூடிக்கொண்டான். நகக்காரி அந்தப் பாதி வார்த்தையையும், கீழே கிடந்த கைத்தடியையும், மாறி மாறிப் பார்த்தாள். மெல்ல, மிக மெல்ல, அவளுக்கு ஒன்று பிடிபட்டது. இந்த வீட்டில் தன்னை வெளியே அனுப்ப ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது. அதைச் சொல்லக்கூடிய வாய் ஒன்றே ஒன்றுதான். அந்த வாய் அதைச் சொல்லப் பயந்து நடுங்குகிறது.

குனிந்து கைத்தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். "உக்காருங்க மாமா" என்றாள். பிறகு போய்ப் பூண்டு உரிக்கிற தட்டை ஓரகத்தியின் கையில் கொண்டுவந்து வைத்தாள். ஓரகத்தி வாயைத் திறந்தாள். கிழவர் பக்கம் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை கிழவர் வழக்கம் போலக் கண்ணை மூடிக் கும்பிட்டார். கண் திறந்தபோது மூத்த மருமகள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். குளித்து, தலை வாரி, கைகட்டி, மரியாதையாக நின்றுகொண்டிருந்தாள்.

"மாமா, போன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இப்பவே போயிடறேன்."

கிழவர் திகைத்தார். "என்னம்மா இது?"

"மனசுல இருக்கறத வாயால சொல்லுங்க. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"அப்படிக் கேக்காதம்மா. பாவம்."

"யாருக்கு மாமா பாவம்?"

அவர் குனிந்து தேய்க்கிற துணியைத் தேடினார். "அப்போ மெஷினப் போடட்டுமா?" என்று கேட்டாள். அவர் தலையசைத்தார். அவள் போய்ப் பட்டையை மாட்டினாள்.

அதற்கடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். குரலை உயர்த்தியதில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. கொழுந்தன் முதலில் சிரித்தான். பிறகு பல்லைக் கடித்தான். "என்ன அண்ணி, அப்பாவக் கொல்லப் பாக்கறீங்களா?" என்றான். "நான் என்ன பண்ணேன் தம்பி? கேக்கத்தானே கேக்கறேன்" என்றாள்.  ஓரகத்தியின் தம்பி காத்துக் காத்துப் பார்த்துவிட்டு வேறு தெருவில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்துக்கொண்டான்.

அவள் கட்டைவிரல் நகம் முழுசாக விழுந்துவிட்டது. புதிதாக முளைத்தது கோணலாக, மடிப்பு மடிப்பாக வந்தது. குழியில் மாட்டாது. கத்திகளை இடது விரலால் திறந்து பார்த்துக்கொண்டாள். சரியான வில்தான் போட்டு வந்தது, எல்லாம் சுலபமாகத் திறந்தன. பழைய ஆழத்துக்கே குழி வெட்டினாள். எண்ணெயில் ஒன்றும் வெடிக்கவில்லை.

கிழவரிடம்தான் மாற்றம் தெரிந்தது. பிரார்த்தனை நீண்டுகொண்டே போயிற்று. ஐந்து நிமிஷம் கும்பிட்டவர் அரை மணி நேரம் கும்பிட்டார். பிறகு ஒரு மணி நேரம். கண்ணைத் திறந்தால் எதிரே அவள் நிற்பாள் என்பது அவருக்குத் தெரியும். அவர் கண் திறக்காமல் பட்டறையில் சத்தம் எழும்பக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். கொழுந்தன் அணைந்த உலைக்குப் பக்கத்தில் குறட்டைக் கையில் வைத்துக்கொண்டு குந்தியிருப்பான். அவள் கைகட்டி நிற்பாள். கால் கடுக்கும், நகர மாட்டாள். கிழவரின் உதடு முதலில் ஜெபம் சொல்லும். பிறகு சும்மா அசையும். பிறகு அதுவும் நின்று, இறுக்கி மூடின இமைக்கு அடியிலிருந்து நீர் கசிந்து மோவாய் வரைக்கும் இறங்கும்.

அவள் ஒரு துணியை எடுத்து, அந்த நீரைப் பதமாகத் துடைத்துவிடுவாள். இமையைத் தொட மாட்டாள். துடைத்துவிட்டு மறுபடி பழைய இடத்திலேயே போய் நிற்பாள்.

"நான் காத்துக்கிட்டிருக்கேன் மாமா" என்பாள். "நீங்க மெதுவா முடிங்க."